சென்னையில் குறைந்த செலவில் நூடுல்ஸ்: எங்கே போவது, எப்போது போவது, எதைப் பார்த்து வாங்குவது

சென்னைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒருவரின் கேள்வி இது: மாலையில் ஆளுக்கு 200 ரூபாய்க்குள் நூடுல்ஸ் சாப்பிட எங்கே போகலாம்? எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே சிவப்பு, ஒரே எண்ணெய். வயிற்றைக் கெடுக்காத, ருசியான கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாலைந்து கடைப் பெயர்களைச் சொல்லிவிடலாம். ஆனால் அது ரொம்ப நாளைக்கு உதவாது. இந்த விலைக்கு விற்கும் கடைகளில் மாஸ்டர் மாறினால் ருசி மாறிவிடும். அதே மாஸ்டர் ஆறரை மணிக்குப் போடும் தட்டும் பத்தரை மணிக்குப் போடும் தட்டும் ஒன்றாக இருக்காது. நூடுல்ஸ் வெந்து எவ்வளவு நேரம் ஆயிற்று, அதை எப்படி வைத்திருக்கிறார்கள், உங்கள் தட்டுக்குக் கடைசி இரண்டு நிமிடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பெரும்பாலும் எல்லாமே அடங்கியிருக்கிறது. தெருக்கடையில் இதெல்லாம் உங்கள் கண் முன்னாலேயே நடக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா நின்று பார்த்தால் போதும்.

முதலில் அத்தோ, பர்மாவிலிருந்து வந்த நூடுல்ஸ். சென்னையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நூடுல்ஸ் வகைகளில் இதற்குத்தான் முதலிடம் என்பது என் தீர்மானமான கருத்து. 1962-ல் பர்மாவில் நே வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு வருடங்களில் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமை ஆயின. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலேறி வந்தார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-ல் பாரிமுனையில் ராஜாஜி சாலையோரம் உருவானதுதான் பர்மா பஜார். அதன் பின்பக்கம், செகண்ட் லைன் பீச் தெருவில், அவர்கள் அங்கே சாப்பிட்டுப் பழகிய அத்தோவும் மொஹிங்கா என்ற நூடுல்ஸ் சூப்பும் தள்ளுவண்டி ஏறின. பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறிய வியாசர்பாடியிலும் அத்தோ கடைகள் வந்தன. இப்போது நகரின் மற்ற பகுதிகளிலும் அத்தோ பலகை தொங்குகிறது. ஆனாலும் முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் சாப்பிடுவது நல்லது. விற்பனை வேகமாக இருப்பதால் பொருள் தேங்காது.

பாரிமுனைக்கு வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. புறநகர் ரயிலில் வந்தால் சென்னை கடற்கரை நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலையைக் கடந்தால் பர்மா பஜார். மெட்ரோவில் என்றால் உயர் நீதிமன்றம் அல்லது மண்ணடி நிலையம், இரண்டிலிருந்தும் நடந்துவிடலாம். ஆறு மணியிலிருந்து எட்டரை வரைதான் சரியான நேரம். அதற்கு முன்னால் போனால் அத்தோவோடு தரும் சூப் இன்னும் பக்குவத்துக்கு வந்திருக்காது. ஒன்பதரைக்கு மேல் என்றால் பொரித்த வெங்காயம் அடியில் தூளாகத்தான் மிஞ்சியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரத் தெருக்கள் அடைத்திருப்பதால் நடமாடச் சுகமாக இருக்கும். ஆனால் எல்லா வண்டியும் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

அத்தோ தீயில் ஏறாத நூடுல்ஸ். தடித்த கோதுமை நூடுல்ஸை வேகவைத்து, வடித்து, எண்ணெய் தடவி உதிரியாக வைத்திருப்பார்கள். நிறம் ஆரஞ்சு கலந்த மஞ்சள். நிறமி சேர்த்ததுதான். விரலில் ஒட்டும் அளவுக்கு நிறம் இருந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். ஒரு தட்டுக்கு ஏறத்தாழ 200 கிராம் வெந்த நூடுல்ஸ், பொடியாகச் சீவிய முட்டைக்கோஸ் ஒரு கைப்பிடி, பச்சை வெங்காயம் கொஞ்சம், பொரித்த வெங்காயம் ஒரு மேசைக்கரண்டி, பூண்டு பொரித்த எண்ணெய் இரண்டு மூன்று டீஸ்பூன், புளிக்கரைசல் இரண்டு மேசைக்கரண்டி, வறுத்து இடித்த மிளகாய், வறுத்த கடலை மாவு ஒரு டீஸ்பூன், உப்பு, கொத்தமல்லி, எலுமிச்சை. இவற்றோடு பேஜோ. அது அரிசி மாவில் செய்து பொரித்த மொறுமொறுப்பான தட்டை, கையால் நொறுக்கிப் போடுவார்கள்.

எந்த வரிசையில் போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கைதேர்ந்தவர்கள் முதலில் பூண்டு எண்ணெயையும் மிளகாயையும் உப்பையும் நூடுல்ஸில் பிசறி, அதற்கப்புறம்தான் புளியை ஊற்றுவார்கள். புளித்தண்ணீர் முதலில் பட்டால் நூடுல்ஸ் அதைக் குடித்து ஊறிவிடும், எண்ணெய் அப்புறம் பிடிக்காது, வாசனை தட்டின் அடியில் தங்கிவிடும். கடலை மாவு அந்தப் புளியை உறிஞ்சிக் கெட்டிப்படுத்தி ஒவ்வொரு இழையிலும் ஒட்டவைக்கிறது. மாவு போடாத அத்தோவைச் சாப்பிட்டு முடித்தால் தட்டில் தண்ணீர் நிற்கும். முட்டைக்கோஸும் பேஜோவும் எப்போதும் கடைசியில்தான். முன்கூட்டியே பிசறினால் உப்புப் பட்டுக் கோஸ் தண்ணீர் விடும், பேஜோ நமுத்துப் போகும். கூட்ட நேரத்தில் ஐந்தாறு தட்டுக்கு மொத்தமாகக் கலந்து வைத்துவிட்டுப் பங்கு போடுகிற கடைகள் இருக்கின்றன. அங்கே நின்று காத்திருப்பதற்குப் பக்கத்துக் கடைக்குப் போகலாம்.

சொல்லும்போது குறிப்பாகச் சொல்லுங்கள்: "அண்ணா, ஒரு அத்தோ, புளி தூக்கலா, காரம் கம்மியா, பேஜோ கடைசியா போடுங்க." யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வழக்கமாக வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். தட்டு கைக்கு வந்ததும் ஐந்தாறு நிமிடத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். போட்டோ எடுத்து முடிப்பதற்குள் மொறுமொறுப்பு போய்விடும்.

கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வரும். தனிக் காசு இல்லை, இன்னும் கொஞ்சம் கேட்டாலும் ஊற்றுவார்கள். இந்த சூப் அடுப்பில் இருக்கிறதா, இறக்கி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். கொதியிலேயே இருக்க வேண்டும். கடலை மாவு கரைத்துக் கெட்டிப்படுத்திய சூப் இது. சரியாகக் கொதிக்காவிட்டால் மாவின் பச்சை வாசனை அடிக்கும், நாக்கில் மாவு படியும். தண்டு மெல்லிய வட்டங்களாக, கடித்தால் லேசாக நறுக்கென்று இருக்க வேண்டும். நார் வாயில் சிக்கினால் தண்டு முற்றல், அல்லது நாரை எடுக்காமல் போட்டிருக்கிறார்கள். பாதி சூப்பைக் குடித்துவிட்டு, கடைசியில் மிஞ்சும் அத்தோவின் மேல் இரண்டு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். அடியில் கிடக்கும் பூண்டும் புளியும் சூப்பில் கரைந்து வேறொரு சாப்பாடு ஆகிவிடும்.

அந்த சூப்பில் மெல்லிய அரிசி நூடுல்ஸைப் போட்டு, மேலே பொரித்த வெங்காயமும் பேஜோவும் தூவினால் மொஹிங்கா. பர்மாவில் இது மீன் குழம்பு, காலை உணவு. எலுமிச்சைப் புல்லும் இஞ்சியும் பூண்டும் வாழைத்தண்டும் மீனோடு சேர்ந்து கொதிக்கும். சென்னை வண்டிகளில் பெரும்பாலும் மீன் போடாமல்தான் செய்கிறார்கள். இருந்தாலும் சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். மழை நாளில் அத்தோவை விட மொஹிங்காதான் பொருத்தம். முட்டை மசாலாவையும் விட்டுவிடாதீர்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் புளியும் மிளகாயும் அடைத்துத் தருவார்கள். அத்தோ ஒன்று, முட்டை மசாலா ஒன்று, சூப் என்று வயிறு நிறைந்தாலும் உங்கள் 200 ரூபாயில் மிச்சம் இருக்கும்.

சுகாதாரத்தைப் பொறுத்தவரை அத்தோவில் கவனிக்க வேண்டியது எண்ணெய் அல்ல, கையும் தண்ணீரும்தான். பிசைந்த பிறகு சூடு காட்டுவதில்லை, கோஸும் வெங்காயமும் பச்சை. ஆகவே பிசைகிற கையே காசையும் வாங்குகிறதா என்று முதலில் பாருங்கள். காசுக்கு ஒருவர், கலக்க ஒருவர் என்று இரண்டு ஆள் இருக்கும் கடை நல்லது. ஒரே ஆள் இருந்தால், பணத்தைப் பெட்டியில் நீங்களே போடச் சொல்கிறாரா, க்யூஆர் அட்டை வைத்திருக்கிறாரா என்று பார்க்கலாம். கையுறை போட்டிருப்பது மட்டும் போதாது. அதே கையுறையோடு சிலிண்டரைத் திருகி, துணியைப் பிழிந்து, மறுபடியும் நூடுல்ஸில் கைவைத்தால் என்ன பயன்? கோஸ் விளிம்பு பழுப்பேறி ஈரம் கசிந்திருந்தால் மதியமே சீவியது. வயிறு மென்மையானவர்கள் அத்தோ ஃப்ரை கேட்கலாம். முட்டை உடைத்து ஊற்றிக் கல்லில் புரட்டித் தருவார்கள். ருசி வேறு, ஆபத்து குறைவு.

அடுத்து, நகரம் முழுக்க இருக்கும் ஃபாஸ்ட் ஃபுட் வண்டி. நீங்கள் சொன்ன ஒரே சிவப்பு, ஒரே எண்ணெய் இங்கேதான். இந்தச் சமையலின் வேர் கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்களின் கடைகளில் இருக்கிறது. அங்கே கிளைத்து நம் ஊர் மிளகாயையும் பூண்டையும் சேர்த்துக்கொண்டு தெருவுக்கு வந்தது. இதை மட்டமான சீனச் சாப்பாடு என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஒழுங்காகச் செய்தால் இது தனி ருசியுள்ள சாப்பாடு. ஒழுங்காகச் செய்வதுதான் அபூர்வமாகிவிட்டது.

ஒழுங்காகச் செய்வது என்றால் இதுதான். உலர்ந்த நூடுல்ஸைத் தளதளவென்று கொதிக்கும் நிறைய தண்ணீரில் போட்டு, நடுவில் இம்மியளவு உறுதி இருக்கும்போதே வடிக்க வேண்டும். கடாயில் மறுபடி இரண்டு நிமிடம் வேகப் போகிறது அல்லவா. வடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசினால் மேலே படிந்த மாவுப் பசை போகும். அதன் பிறகு எண்ணெய் தடவி அகலமான தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். 100 கிராம் உலர்ந்த நூடுல்ஸ் வெந்தால் 200 முதல் 250 கிராம் வரை வரும். அதற்குமேல் பருத்திருந்தால் குழைந்துவிட்டது என்று அர்த்தம். பல கடைகளில் அலசுவதும் இல்லை, பரப்புவதும் இல்லை. சூடாகவே ஆழமான டப்பாவில் அமுக்கி மூடி வைத்துவிடுகிறார்கள். அடியில் இருப்பது தன் ஆவியிலேயே வெந்து களியாகிறது. தட்டில் உடைந்த துண்டுகளாக வரும் நூடுல்ஸுக்குக் காரணம் இதுவே, மாஸ்டர் கரண்டியைப் போட்டுக் கொத்துவது அல்ல.

ருசியை விடப் பெரிய விஷயம் ஒன்று இந்த டப்பாவில் இருக்கிறது. வேகவைத்த மாவுப் பண்டங்கள் சென்னை வெயிலில் மணிக்கணக்கில் இருந்தால் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. அது உண்டாக்கும் வாந்தி நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால்தான் "தீயில போட்டுப் புரட்டிட்டா எல்லாம் சரியாயிடும்" என்ற நம்பிக்கை பாதி மட்டுமே சரி. டப்பாவைத் திறக்கும்போது புளித்த வாடை வருகிறதா, இழைகள் வழவழவென்று நூல் விடுகின்றனவா என்று பாருங்கள். வாடையே இல்லாமலும் நச்சு இருக்கலாம். ஆகவே வேகமாக விற்றுத் தீரும் கடை, அதாவது ஒரு மாலைக்குள் இரண்டு மூன்று முறை புதிதாக வேகவைக்கும் கடைதான் பாதுகாப்பு. பக்கத்தில் ஒரு அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தால் அது நல்ல அடையாளம்.

இனி கடாய். வண்டிக்காரர்களின் பர்னரின் வேகம் வீட்டு அடுப்பில் கிடையாது, அந்தப் புகை மணத்துக்காகத்தான் நாம் வெளியே போகிறோம். இரும்புக் கடாய் புகையும்வரை காய்ந்து, எண்ணெய் ஊற்றி, முட்டை உடைத்து, அது பொங்கியதும் கோஸ், கேரட், பீன்ஸ், வெங்காயத்தாள் வெள்ளைப் பகுதி. அரை நிமிடத்தில் நூடுல்ஸ். உப்பு, வெள்ளை மிளகுத்தூள், அஜினமோட்டோ. சோயா சாஸைக் கடாயின் ஓரத்தில் ஊற்ற வேண்டும். சூடான இரும்பில் பட்டதும் சுரீரென்று கொதித்து மணக்கும். நூடுல்ஸ் மேலேயே ஊற்றினால் ஒரு இடம் கறுப்பு, ஒரு இடம் வெள்ளை, உப்பும் திட்டுத்திட்டாக இருக்கும். வினிகர் கடைசியில் ஒரு டீஸ்பூன் போதும். மொத்தம் இரண்டு, இரண்டரை நிமிடம்.

இதில் கெடுவது பெரும்பாலும் கூட்டத்தால்தான். நாலு பிளேட்டை ஒரே கடாயில் போட்டால் இரும்பின் சூடு இறங்கிவிடும். காய் தண்ணீர் விடும், நூடுல்ஸ் வதங்காமல் அவியும். அதை மறைக்க இன்னும் எண்ணெய், இன்னும் சிவப்பு சாஸ். நீங்கள் கேட்ட ஒரே சிவப்புக்குப் பதில் இங்கே இருக்கிறது. ஒரு கடாயில் இரண்டு பிளேட்டுக்கு மேல் போடாத மாஸ்டரைக் கண்டால் அவரிடமே வாடிக்கையாக இருங்கள், காத்திருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் கடாயைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கவிழ்க்கிறாரா என்பதும் முக்கியம். முந்தைய ஈடின் சாஸ் அடியில் கருகி, அடுத்த தட்டில் கசப்பான கறுப்புத் துணுக்குகளாக வரும்.

புதுக் கடையில் முதல் தடவை செஸ்வான் நூடுல்ஸ் கேட்காதீர்கள். பூண்டு மிளகாய் விழுது எதையும் மறைத்துவிடும். சாதாரண எக் நூடுல்ஸ், ஹாஃப் பிளேட், சில்லி சாஸ் இல்லாமல். இதில் நூடுல்ஸின் வேக்காடு, எண்ணெயின் வாசனை, மாஸ்டரின் கை மூன்றும் அப்பட்டமாகத் தெரியும். தட்டைச் சாய்த்தால் ஓரத்தில் எண்ணெய் தேங்கக் கூடாது. அது நன்றாக இருந்தால் அடுத்த முறை மற்றதெல்லாம். சிங்கப்பூர் நூடுல்ஸ் என்று மஞ்சளாகக் கறிமசாலாத் தூள் போட்டு வருவதை அரிசி சேமியாவில் செய்தால் மட்டும் வாங்குங்கள். கோதுமை நூடுல்ஸில் அந்தத் தூள் மாவு மாவாக ஒட்டும்.

நூடுல்ஸோடு சிக்கன் 65, கோபி 65 வாங்குவது வழக்கம். செலவை விட எண்ணெய்தான் அங்கே யோசிக்க வேண்டியது. நூடுல்ஸுக்கு ஊற்றும் எண்ணெய் அப்போதே ஊற்றுவது. பொரிக்கும் எண்ணெயோ பல மணி நேரம் அடுப்பிலேயே இருப்பது. பயன்படுத்திய எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பச் சூடாவதால் எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் வரம்பு வைத்திருக்கிறது. அதை நாம் அளக்க முடியாது. ஆனால் எண்ணெய் கறுத்திருப்பதும், பொருளைப் போட்டதும் அடங்காத நுரை எழுவதும், பாகு மாதிரி தடித்து வழிவதும் கண்ணுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தால் நூடுல்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அஜினமோட்டோ பற்றி நிறையப் பயம் இருக்கிறது. அளவோடு போட்டால் பெரும்பாலோருக்கு அதனால் தீங்கு இல்லை. சாதாரண உப்பில் சோடியம் எடையில் 39 சதவீதம், இதில் சுமார் 12 சதவீதம். நூடுல்ஸ் சாப்பிட்ட இரவு தாகம் வாட்டினால் காரணம் பெரும்பாலும் உப்பும் சோயா சாஸும்தான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் "அஜினமோட்டோ வேணாம்" என்று சொல்வதோடு "உப்பு பாதி போதும், சோயா இருக்குல்ல" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிறத்தில்தான் நான் கறாராக இருப்பேன். ரோஸ் நிறத்தில் பளீரென்று மின்னும் சாஸ் எந்தக் கடையிலும் வேண்டாம்.

மோமோ கடைகளில் துக்பா கிடைக்கும். திபெத்திய நூடுல்ஸ் சூப் அது. எலும்பிலோ காயிலோ எடுத்த தெளிந்த சாறுதான் அதன் உயிர். பல கடைகளில் சூப் பாக்கெட்டைக் கலக்கி, சோள மாவு போட்டு, பாக்கெட் நூடுல்ஸை மிதக்கவிட்டுத் தருகிறார்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கெட்டியாக வழிந்தால் அது துக்பா இல்லை. வடகிழக்கு மாநிலத்தவர்கள் தாங்களே நடத்தி, தங்கள் ஊர்க்காரர்களே வந்து சாப்பிடுகிற சிறிய கடையாகப் பாருங்கள். அங்கே மோமோவோடு வரும் வெள்ளை மயோனைஸைத் தொடாமல் சிவப்பு மிளகாய்ச் சட்னியோடு நிறுத்திக்கொள்ளலாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருடத் தடை விதித்ததே சால்மொனெல்லா போன்ற கிருமிகளின் பயத்தால்தான்.

கொரிய உணவகங்கள் உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்காது. இருந்தாலும் மாதம் ஒரு முறை போகத் தகுந்தவை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு கொரியக் குடும்பங்கள் இங்கே வந்தன, அவர்களுக்காக வந்த கடைகள் இவை. பெரும்பாலும் பட்டியலில் மலிவானது ராம்யன் என்ற காரமான நூடுல்ஸ் சூப். அதோடு கிம்ச்சி (காரம் போட்டுப் புளிக்கவைத்த கோஸ்) முதலான தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்கள் தனிக் காசில்லாமல் வரும், தீர்ந்தால் மறுபடியும் கேட்கலாம். அக்னி நட்சத்திரத்தில் நெங்மியன் கிடைத்தால் விடாதீர்கள். கோதுமையில் இல்லாமல் பக்வீட் என்ற வேறொரு தானியத்தின் மாவில் செய்த மெல்லிய நூடுல்ஸ், ஐஸ் மிதக்கும் புளிப்பான சாற்றில் வரும். இழை நீளமாகவும் ரப்பர் போலவும் இருப்பதால் கத்தரிக்கோலால் வெட்டித்தான் சாப்பிடுவார்கள். அந்தச் சாறு வழக்கமாக மாட்டிறைச்சியில் எடுப்பது, கறுப்பு பீன்ஸ் விழுதில் வரும் ஜாஜங்மியனில் பன்றிக்கறி இருக்கும். வேண்டாதவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெஜ் நூடுல்ஸ் என்று பலகையில் இருந்தாலும் முட்டையும் கோழியும் புரளும் அதே கடாய், அதே கரண்டிதான். நூடுல்ஸிலேயே முட்டை சேர்த்த வகையும் உண்டு, பாக்கெட்டில் பச்சைப் புள்ளியா பழுப்பு நிறக் குறியா என்று கேட்டுப் பாருங்கள். கறாராக இருப்பவர்களுக்குத் தனிச் சைவ ஃபாஸ்ட் ஃபுட் கடைதான் வழி. அத்தோவில் முட்டை தனியாகத்தான் சேரும் என்பதால் அங்கே சிக்கல் குறைவு.

உட்கார்ந்து சாப்பிடும் ஏசி கடைக்குப் போனால் இரண்டு பேருக்கு ஒரு சூப் ஒன் பை டூ, ஒரு ஃபுல் பிளேட் நூடுல்ஸ் என்று பகிர்ந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் போதும். பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம் சேரும். சிறு வணிகர்களுக்கான கம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் பதிவு செய்த கடைகள் அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. பில்லில் அப்படிக் குறிப்பு இருந்தும் வரி போட்டிருந்தால் கேட்கலாம்.

பார்சலை முடிந்தவரை தவிருங்கள். மூடிய டப்பாவில் நூடுல்ஸ் தன் ஆவியிலேயே அவிந்து இருபது நிமிடத்தில் களியாகிவிடும். கட்டாயம் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் கவரில் சூடாகக் கொட்ட விடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தாள்களும் பைகளும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. வீட்டிலிருந்து அகலமான எவர்சில்வர் டப்பா எடுத்துப் போய், மூடியை லேசாகத் திறந்தே கொண்டுவாருங்கள். அத்தோ என்றால் புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், கோஸ், பேஜோ எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லி வீட்டில் கலந்துகொள்ளலாம், சூப்பை மட்டும் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள். மிச்சமானால் சாப்பிட்டு முடித்த கையோடு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, நூடுல்ஸைப் பரப்பி, கிளறாமல் ஒரு நிமிடம் விட்டு, அடி மொறுகியதும் திருப்பிப் போடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் ஓரம் காய்ந்து நடு குளிர்ந்தே இருக்கும்.